பியாங்யாங் பந்தியில் என்ன பரிமாறுவார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வெளிநாட்டினர் அதிகம் எட்டிப் பார்க்காத நாடுகளைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது வட கொரியாவை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏவுகணைகளைப் பற்றியும் ஆட்சியாளரின் தலைமுடியைப் பற்றியும் வந்தவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, சாப்பாடு, குடி, பேச்சு, பயணம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். நான் அந்த நாட்டுக்குப் போனதில்லை. தென் கொரியத் தலைநகரான சியோலில், வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் நடத்தும் கடையில் சாப்பிட்டிருக்கிறேன். மற்றவை படித்துத் தெரிந்துகொண்டவை.

கேள்வி: 2018-இல் இரு கொரியத் தலைவர்களும் சந்தித்தபோது விருந்தில் நூடுல்ஸ் பரிமாறியதைப் பெரிய செய்தியாக வெளியிட்டார்கள். ஒரு நூடுல்ஸுக்கு அவ்வளவு மரியாதையா? — திருச்சி வாசகர்

பதில்: அந்த நூடுல்ஸுக்கு அந்த மரியாதை தகும். 2018 ஏப்ரல் 27 அன்று எல்லைக் கிராமமான பன்முன்ஜோமில் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னும் தென் கொரிய அதிபர் மூன் ஜே-இன்னும் சந்தித்தார்கள். அதற்காக வட கொரியத் தலைநகரான பியாங்யாங்கின் புகழ்பெற்ற 'ஓக்ரியூக்வான்' உணவகத்திலிருந்து நூடுல்ஸ் பிழியும் எந்திரத்தையே கொண்டுவந்து எல்லையின் வடபகுதிக் கட்டடத்தில் நிறுவி, பிழிந்த சூட்டோடு தென்பகுதி விருந்து மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "வெகு தொலைவிலிருந்து கொண்டுவந்திருக்கிறோம்" என்று தொடங்கிய கிம், உடனே "தொலைவு என்று சொல்லக் கூடாதோ" என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டார். தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த சியோல்வாசிகள் அன்று மதியமே தங்கள் ஊர்க் கடைகளின் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்.

இந்த உணவின் பெயர் வடக்கில் 'ரெங்மியோன்', தெற்கில் 'நெங்மியோன்'. பொருள் ஒன்றுதான்: குளிர்ந்த நூடுல்ஸ். சொல்லின் முதலில் வரும் ரகரத்தைத் தென் கொரியர்கள் நகரமாக மாற்றிவிடுவார்கள். வட கொரியர்கள் அப்படியே ஒலிப்பார்கள். நூடுல்ஸுக்கான மாவு கோதுமை மாவன்று. வட இந்தியர்கள் நவராத்திரி விரதத்தில் 'குட்டு' என்ற பெயரில் உண்கிறார்களே, அந்தப் பக்வீட் தானியத்தின் மாவு. மலையும் குளிருமாக உள்ள வடபகுதியில் நெல்லைவிட இது எளிதாக விளைந்தது. மாட்டிறைச்சியும் கோழியும் கொதிக்கவைத்து வடித்து, கொழுப்பு எடுத்து, நன்றாகக் குளிரவைத்த சாற்றில் முள்ளங்கித் தண்ணீர்க் கிம்சியின் (கிம்சி என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்த காய்கறி ஊறுகாய்) புளித்த நீரைக் கலக்கிறார்கள். அதில் நூடுல்ஸ் சுருளை இட்டு, மேலே இறைச்சித் துண்டு, வெள்ளரி, பேரிக்காய், பாதி முட்டை வைத்துப் பித்தளைக் கிண்ணத்தில் தருகிறார்கள்.

இன்று கோடையில் தேடி உண்ணும் இந்த உணவு உண்மையில் குளிர்காலத்துக்கு உரியது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் கிம்சி நீர் ஜில்லென்று இருந்தது குளிர்காலத்தில் மட்டும்தானே. வெளியே பனி கொட்டும்போது, அடியில் நெருப்பின் புகை ஓடுவதால் சூடாக இருக்கும் தரையில் உட்கார்ந்துகொண்டு, பல் கூசும் குளிர்ச்சியில் இதைச் சாப்பிடுவதுதான் பழைய வழக்கம்.

சாப்பிடும் முறையிலும் கண்டிப்பு உண்டு. வினிகரைச் சாற்றில் ஊற்றினால் சாற்றின் சுவை கெடும் என்பதால், சுருளைக் குச்சிகளால் தூக்கிப் பிடித்து நூடுல்ஸின் மீதே ஊற்ற வேண்டும். பிறகு சிறிது கடுகு விழுது. பியாங்யாங் கடைகளில் இதைத் தட்டுக் கணக்கில் கேட்பதில்லை, நூறு கிராம், இருநூறு கிராம் என்று எடைக் கணக்கில் கேட்கிறார்கள். சியோலில் முதல் வாய் சாப்பிட்டபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, யாரோ பாத்திரம் கழுவிய நீரைக் குளிரவைத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. கிண்ணம் பாதி காலியாகும்போதுதான் இறைச்சியின் மெல்லிய வாசமும் தானியத்தின் மண்வாசமும் நாக்கில் ஏறத் தொடங்கின. இரண்டு நாள் கழித்து, கேட்காமலே கால்கள் அதே கடைக்குப் போயின. 2022-இல் யுனெஸ்கோ, பியாங்யாங் ரெங்மியோன் உண்ணும் வழக்கத்தை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: கிம்சி இரண்டு கொரியாக்களிலும் ஒன்றுதானா? — காரைக்குடி வாசகி

பதில்: அடிப்படை ஒன்று, கைப்பக்குவம் வேறு. தெற்கே வெப்பம் கூடுதல் என்பதால் ஊறுபொருள் கெடாமலிருக்க உப்பும் மிளகாய்த் தூளும் மீன் ஊறலும் தாராளமாகச் சேர்ப்பார்கள். வடக்கே குளிரே காவல் காப்பதால் உப்பும் காரமும் குறைவு, தண்ணீர் கூடுதல். காய்க்கு இணையாக அந்தப் புளித்த நீரையும் அங்கே மதிக்கிறார்கள். மேலே சொன்ன குளிர்ந்த நூடுல்ஸுக்குத் தாய் இந்த நீர்தான்.

நவம்பரில் குளிர் இறுகும் முன் குடும்பம் முழுவதற்கும் வேண்டிய கிம்சியைப் போட்டு முடிப்பதற்குக் 'கிம்ஜாங்' என்று பெயர். வட கொரியர்கள் அந்தக் கிம்சியை 'அரையாண்டுத் தானியம்' என்று அழைக்கிறார்கள். இதை உவமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பனி மூடிய மாதங்களில் பச்சைக் காய் என்று எதுவும் கிடைக்காத வீடுகளில் சோற்றுக்கோ மக்காச்சோளக் கஞ்சிக்கோ தொட்டுக்கொள்ள வேறொன்றும் இருக்காது. அதனால்தான் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் தங்கள் ஊழியருக்கு லாரிகளில் சீன முட்டைக்கோஸ் கொண்டுவந்து கொடுப்பது ஆண்டுதோறும் நடக்கும் வேலையாகிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து இலையைப் பிரித்துப் பிரித்து மசாலா தடவுவார்கள். யுனெஸ்கோ பட்டியலில் தெற்கின் கிம்ஜாங் 2013-இலும் வடக்கின் கிம்சி மரபு 2015-இலும் தனித்தனியே இடம்பெற்றன. ஒரே ஜாடிக்கு இரண்டு சான்றிதழ்கள். 'சிரம்' என்னும் மல்யுத்தத்தை மட்டும் 2018-இல் இரு நாடுகளும் சேர்ந்து பதிவு செய்தன.

கேள்வி: சிப்பிகளின் மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். ஏமாற்று வேலையா? — சேலம் வாசகர்

பதில்: இல்லை, உண்மை. மேற்குக் கரையிலுள்ள துறைமுக நகரமான நம்போவின் பக்கத்தில் இது பெயர்பெற்றது. சுற்றுலாப் பயணிகளுக்கும் செய்து காட்டுகிறார்கள். ஒரு பாயின் மீதோ தரையிலோ சிப்பிகளை வாய்ப்புறம் கீழே இருக்குமாறு ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக நிறுத்துகிறார்கள். பெட்ரோல் உள்ளே இறங்காமலிருப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. பிறகு ஒரு பாட்டிலின் மூடியில் சிறு துளையிட்டு, அதிலிருந்து பெட்ரோலைப் பீய்ச்சி நெருப்பு வைக்கிறார்கள். தீ தணியும்போதெல்லாம் மறுபடி ஒரு பீச்சு. சில நிமிடங்களில் ஓடுகள் வாய் பிளக்கும். சாம்பலைத் தட்டிவிட்டு, கரி படிந்த விரல்களாலேயே பிரித்துத் தின்று, கூடவே சோஜு என்ற கொரியச் சாராயம் ஒரு வாய் குடிக்கிறார்கள். பெட்ரோலின் பெரும்பகுதி எரிந்துபோனாலும் அதன் வாடை முழுவதும் போவதில்லை என்று சாப்பிட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். எரிபொருளுக்குத் திண்டாடும் நாட்டில் பெட்ரோலால் சமைப்பது விருந்தினருக்குக் காட்டும் செல்வாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் எதையும் செய்துபாருங்கள், இதை மட்டும் வேண்டாம்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகள் போடும் படங்களில் மேசை நிறையக் கிண்ணங்கள் இருக்கின்றன. பஞ்சம் என்கிறார்களே, எது உண்மை? — மதுரை வாசகர்

பதில்: இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் வேறு வேறு மேசைகள். நீங்கள் பார்த்த படம் பெரும்பாலும் கேசோங் நகரத்துப் படமாக இருக்கும். பழைய கோரியோ அரசின் தலைநகரமான அவ்வூரில், மூடியிட்ட சிறுசிறு பித்தளைக் கிண்ணங்களில் கீரை, முட்டை, இறைச்சி, காளான், இனிப்பு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பயணிகளுக்குப் பரிமாறுவது வழக்கம். மூடிகளைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே எல்லோரும் கேமராவை எடுக்கிறார்கள். அந்தப் பரிமாறும் முறை பழங்கால மேட்டுக்குடியினருடையது. இன்றைய கேசோங்காரரின் அன்றாடச் சாப்பாடு அதுவன்று.

வீட்டு மேசையைப் புரிந்துகொள்ள 1990-களுக்குப் போக வேண்டும். நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி மலை. பயிரிடத் தகுந்த நிலம் குறைவு. அந்தக் குறைவைச் சோவியத் ஒன்றியத்திலிருந்து சலுகை விலைக்கு வந்த எண்ணெயும் அதைக்கொண்டு செய்த உரமும் மறைத்துவந்தன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அந்தக் குழாய் அடைபட்டது. உரமில்லாமல் விளைச்சல் விழுந்தது. 1995, 1996 ஆண்டுகளின் வெள்ளம் மிச்சத்தை வாரிக்கொண்டு போனது. சாதாரணத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 700 கிராம் தானியம் என்று கணக்கிட்டுக் கொடுத்துவந்த அரசின் பங்கீட்டு முறை பல மாவட்டங்களில் அடியோடு நின்றது. அரசு அந்த ஆண்டுகளுக்குத் 'துன்பப் பெரும்பயணம்' என்று பெயர் சூட்டியது. இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பற்றிய மதிப்பீடுகள் இரண்டரை லட்சத்திலிருந்து முப்பது லட்சத்துக்கும் மேல்வரை வேறுபடுகின்றன. ஆறிலிருந்து பத்து லட்சம் என்பதே ஆய்வாளர் பலர் ஏற்கும் அளவு.

அந்தப் பசியில் பிறந்த பண்டங்கள் இன்றும் தெருவில் விற்கின்றன. சோயாவிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கை அழுத்தித் தோல்போல் தகடாக்கி, அதில் சோற்றைச் சுருட்டி, மிளகாய்ச் சாந்து பூசித் தருவார்கள். பெயர் 'இன்ஜோகோகி-பாப்', அதாவது செயற்கை இறைச்சிச் சோறு. முக்கோணமாக வெட்டிப் பொரித்த டோஃபுவின் வயிற்றைக் கீறிச் சோறு அடைப்பது 'துபு-பாப்'. எனக்கு மிகவும் வியப்பளிப்பது 'வேகப்போர்ப் பணியாரம்' என்று பொருள்படும் ஒரு பண்டம். பொரித்து அரைத்த மக்காச்சோள மாவில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும், அடுப்பே வேண்டாம். விறகும் இல்லாதவர் கண்டுபிடித்த உணவு அல்லவா? குறைந்த நாளில் நிறைய உற்பத்தி செய்யுமாறு மக்களை விரட்ட அரசு முழங்கிய 'வேகப்போர்' என்ற முழக்கத்தை எடுத்து ஒரு பணியாரத்துக்குச் சூட்டிய அந்த முகமறியாத நகைச்சுவைக்காரரை நான் வணங்குகிறேன்.

இவற்றைச் செய்து விற்றவர்கள் பெரும்பாலும் மணமான பெண்கள். ஆண்கள் சம்பளமே வராத தொழிற்சாலைக்கு வருகைப் பதிவுக்காகவாவது போயாக வேண்டியிருந்தது. வீட்டைக் காப்பாற்றியது மனைவி 'ஜாங்மாதாங்' எனப்படும் சந்தையில் விரித்த துணிதான். அந்தச் சந்தைகளைப் பின்னர் அரசு சில நேரம் ஒடுக்கியது, சில நேரம் கூரை போட்டு வரி வாங்கியது. பஞ்சத்தின் கொடிய கட்டம் கடந்துவிட்டாலும், மக்கள்தொகையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஊட்டக்குறைவில் இருப்பதாக ஐ.நா. அமைப்புகள் அண்மை ஆண்டுகளிலும் மதிப்பிட்டுள்ளன.

கேள்வி: அங்கே மது கிடைக்குமா? — கோவை வாசகர்

பதில்: கிடைக்கும். அதுவும் இங்கிலாந்தின் பழைய மதுவடிப்பாலையில் வடித்த பீர். வில்ட்ஷயர் மாவட்டத்தின் ட்ரோபிரிட்ஜ் ஊரில் 'அஷர்ஸ்' என்ற மதுவடிப்பாலை 2000-இல் மூடப்பட்டது. வட கொரியா அதன் எந்திரங்களைச் சுமார் பதினைந்து லட்சம் பவுண்டுக்கு வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, பியாங்யாங்கில் மறுபடி பொருத்தியது. 2002-இல் 'தேதோங்காங்' பீர் வெளிவந்தது. நகரின் நடுவே ஓடும் தேதோங் ஆற்றின் பெயர். வகைகளுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தாம். எண் 1 முழுவதும் பார்லி. எண் 2-இல் பார்லி எழுபது, அரிசி முப்பது. இப்படியே அரிசி ஏறிக்கொண்டே போய் எண் 5 முழுவதும் அரிசி. 6, 7 இரண்டும் கருநிற வகைகள். தென் கொரியாவின் பீரைவிட இது மேல் என்று 2012-இல் ஒரு பிரிட்டிஷ் வார இதழ் எழுதியதும் தெற்கில் பலருக்கு ரோஷம் வந்தது. சிறு மதுவடிப்பாலைகளுக்கு வழிவிடுமாறு தெற்கின் சட்டத்தை மாற்றச் சொன்னவர்கள் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். விளம்பரமே இல்லாத வட கொரிய அரசுத் தொலைக்காட்சியில் 2009-இல் இந்தப் பீருக்கு விளம்பரம் ஒளிபரப்பானது இன்னொரு வேடிக்கை.

இதைத் தவிர, கேசோங்கின் ஜின்செங் வேரை ஊறவைத்த மது, பெக்து மலைப்பகுதியின் புளூபெர்ரிப் பழ மது ஆகியவை பரிசுப் பொருளாக விற்கின்றன. ஆனால், இங்கும் இரண்டு மேசைகள்தாம். கிராமத்து வீடுகளில் குடிப்பது மக்காச்சோளத்திலிருந்து பெண்கள் சமையலறையில் வடிக்கும் 'நோங்தேகி' என்ற சாராயம். சட்டப்படி அது குற்றம். தின்னவே இல்லாத தானியத்தைக் குடிக்கலாமா என்பது அரசின் வாதம். வடித்த கழிவு பன்றிக்குத் தீவனம், பன்றி சந்தைக்குப் பணம் என்று அந்த வீட்டின் கணக்கு ஓடுகிறது.

கேள்வி: கே-டிராமா பார்த்தே கொரிய மொழி பழகிவிட்டேன். அந்தக் கொரியன் வடக்கிலும் செல்லுமா? — சென்னை வாசகி

பதில்: புரியும், ஆனால், செல்லாது. அங்கே வாய் திறக்கும் முன் யோசிக்க வேண்டும். பியாங்யாங் வழக்கை அடிப்படையாக வைத்து 1966-இல் 'பண்பாட்டு மொழி' என்று ஒன்றை வடக்கு வகுத்துக்கொண்டது. ஆங்கிலச் சொற்களை விலக்குவது அதன் குறிக்கோள்களில் ஒன்று. தெற்கில் ஜூஸ் 'ஜுசு'. வடக்கில் 'தன்முல்', அதாவது இனிப்பு நீர். டோனட்டுக்கு 'மோதிர ரொட்டி' என்று பொருள்படும் பெயர். ஐஸ்கிரீமுக்கும் ஒரு தூய சொல்லை உருவாக்கிப் பார்த்தார்கள்; அது மக்களின் நாவில் ஒட்டவில்லை. தனித்தமிழ்ச் சொல்லாக்கத்தை அருகிலிருந்து பார்த்த நமக்கு இந்த வெற்றியும் தோல்வியும் புதிதல்ல.

சாப்பாட்டுக் கடையில் இன்னொரு வம்பு உண்டு. தெற்கில் 'நக்ஜி' என்றால் சிறு ஆக்டோபஸ். வடக்கில் அதே சொல்லைச் சொன்னால் கணவாய் வரும்.

டிராமா ரசிகைகள் வாய்நிறையச் சொல்லும் 'ஒப்பா' விஷயம் வேடிக்கையோடு நிற்பதில்லை. பெண் தன் அண்ணனை அழைக்கும் அச்சொல்லைத் தெற்கில் காதலனுக்கும் பயன்படுத்துகிறார்கள். 2023 ஜனவரியில் வட கொரியா இயற்றிய பியாங்யாங் பண்பாட்டு மொழிப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. சிறுவர் அணியில் இருக்கும் வயதுவரை அப்படி அழைக்கலாம். இளைஞர் அணியில் சேர்ந்தபின் 'தோங்மு', 'தோங்ஜி' என்று தோழமைச் சொல்லால்தான் அழைக்க வேண்டும். தெற்கின் பேச்சுமுறையைப் பயன்படுத்தினால் ஆறு ஆண்டுக்குக் குறையாத கட்டாய உழைப்பு; பரப்பினால் மரண தண்டனைவரை போகலாம். ஒரு பேச்சுவழக்குக்கு எதிராக இவ்வளவு கடுமையான சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, எல்லை தாண்டி வரும் மெமரி கார்டுகளில் எத்தனை டிராமாக்கள் உள்ளே போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சுற்றுலாவாகப் போக முடியுமா? — நாகர்கோவில் வாசகர்

பதில்: சட்டத்தில் தடையில்லை, கதவுதான் திறக்கவில்லை. தடை உள்ளவர்கள் இரு சாரார். தென் கொரியர் தம் அரசின் அனுமதியின்றிப் போக முடியாது. அமெரிக்கக் கடவுச்சீட்டு 2017 செப்டம்பர் முதல் அங்கே செல்வதற்குச் செல்லாது. இந்தியாவுக்கும் வட கொரியாவுக்கும் 1973 முதல் தூதரக உறவு உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் 2021-இல் வெளியேறிய நம் தூதரக ஊழியர்கள் 2024 இறுதியில் திரும்பினார்கள்.

சுற்றுலாவின் கதை வேறு. 2020 ஜனவரியில் எல்லையை அடைத்த நாடு, 2024 பிப்ரவரியில் ரஷ்யர்களுக்கு மட்டும் திறந்தது. 2025 பிப்ரவரியில் வடகிழக்கு மூலையிலுள்ள ராசோனுக்கு மேலைநாட்டுப் பயணிகளை அனுமதித்து, சில வாரங்களிலேயே நிறுத்தியது. அந்த ஏப்ரலில் பியாங்யாங் மாரத்தானுக்கு வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் வந்தார்கள். ஜூலை 1 அன்று கிழக்குக் கரையில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் தங்கக்கூடிய வோன்சான்-கல்மா கடற்கரை விடுதி நகரத்தைத் திறந்துவிட்டு, அந்த மாதமே வெளிநாட்டினரைத் தற்காலிகமாக ஏற்பதில்லை என்றும் அறிவித்தது. ஆகவே, பயண முகவர் முன்பணம் கேட்டால் கதவு அன்று எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்த பிறகே கொடுங்கள்.

கதவு திறந்திருந்த நாட்களில் பயணம் எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். தனியாகப் போக முடியாது. குழுவாகவோ தனி ஏற்பாடாகவோ ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் போகலாம். இரண்டு வழிகாட்டிகள் உங்களோடு வருவார்கள். அந்த வழிகாட்டிகள் ஒருவரையொருவர் கண்காணிக்கவும் அது உதவும். விசாவைத் தனித் தாளில் தந்து, திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். பெய்ஜிங்கிலிருந்து ரயிலில் வந்தால் தான்தோங் நகரில் யாலு ஆற்றைக் கடக்க வேண்டும். பயணிகளை இறக்கும் யாங்காக்தோ விடுதி தேதோங் ஆற்றின் நடுவே ஒரு தீவில் இருக்கிறது. விடுதித் தோட்டத்தில் தாராளமாக உலவலாம்; பாலத்தைத் தனியே தாண்டக் கூடாது. உள்ளூர்ப் பணம் உங்களுக்கு வேண்டாம்; யூரோவோ யுவானோ டாலரோ போதும். தலைவர் சிலைகளைப் படமெடுத்தால் தலையிலிருந்து கால்வரை முழுதாக எடுக்க வேண்டும். தலைவர் படம் அச்சான செய்தித்தாளை முகம் மடியுமாறு மடிக்கக் கூடாது, கசக்கி எறியவே கூடாது. வடை மடித்துக் கொடுத்த தாளைக் கசக்கிப் போட்டுப் பழகிய கைகளுக்கு இது கடினமான விதி. நகரத்தில் பார்க்கத் தகுந்தது 1973-இல் திறந்த மெட்ரோ. தரைக்கு அடியில் சுமார் நூறு மீட்டர் ஆழம்; நகரும் படியில் இறங்கவே சில நிமிடங்கள் ஆகும். நிலையங்களுக்குப் பெரும்பாலும் ஊர்ப்பெயர் இல்லை. 'வெற்றி', 'புகழ்', 'மறுமலர்ச்சி' என்ற பெயர்கள். எங்கே இறங்குவது என்று அதைக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? — கும்பகோணம் வாசகி

பதில்: முன்கூட்டிச் சொன்னால் சோறு, டோஃபு, உருளைக்கிழங்கு, கீரை, முட்டை ஆகியவற்றை வைத்துச் சமாளிக்கலாம். பச்சைப்பயற்றை ஊறவைத்து அரைத்து வார்க்கும் 'நொக்து-ஜிஜிம்' நம் அடையைப் போலவே இருக்கிறதே என்று கையை நீட்டிவிட வேண்டாம். வார்ப்பது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில். கிம்சியிலும் இறால் ஊறல் இருக்கலாம்.

கேள்வி: கொரியப் போரில் இந்திய மருத்துவர்கள் பியாங்யாங்கில் இருந்தார்கள் என்று என் தாத்தா சொல்வார். சரியா? — வேலூர் வாசகர்

பதில்: தாத்தா சொன்னது சரி. இந்தியா போரிடப் படை அனுப்பவில்லை. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1950 டிசம்பரில், வடக்குக்கு ஆதரவாக வந்த சீனப் படைகள் நெருங்கியபோது, தெற்கின் பக்கம் போரிட்ட ஐ.நா. படைகள் பியாங்யாங்கைக் கைவிட்டுப் பின்வாங்கின. மருத்துவப் பிரிவுக்கு வண்டிகள் போதவில்லை. கருவிகளை விட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற யோசனை. ஆனால், கத்தியும் மருந்தும் இல்லாமல் மருத்துவப் பிரிவு எதற்கு? கைவிடப்பட்ட ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் நிரப்பி, எஞ்சின் ஓட்டத் தெரிந்த சிலரைத் தங்களுக்குள்ளேயே கண்டுபிடித்து, பெட்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, பாலங்கள் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் தேதோங் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

கேள்வி: அங்கே போகாமலே வட கொரியச் சாப்பாட்டைச் சாப்பிட வழியுண்டா? — கொழும்பு வாசகி

பதில்: வட கொரிய அரசே வெளிநாடுகளில் உணவகங்கள் நடத்திவந்தது, பரிமாறும் பெண்களே பாதி விருந்தில் மேடையேறிப் பாடி ஆடுவார்கள். வெளிநாட்டில் உழைக்கும் வட கொரியர்களை 2019 இறுதிக்குள் திருப்பியனுப்ப வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2017-இல் தீர்மானித்தபின் பல கடைகள் மூடப்பட்டன.

எனக்குப் பிடித்த வழி வேறு. தென் கொரியாவின் வடகிழக்குக் கரையில் சொக்சோ என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. போரின்போது வடக்கின் ஹம்கியோங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று நினைத்து அங்கே ஒரு மணல்திட்டில் குடிசை போட்டார்கள். பெரியவர்களை அவர்கள் வழக்கில் 'அபாய்' என்று அழைப்பார்கள். அதனால் அது அபாய் கிராமமாயிற்று. அங்கே கணவாயின் வயிற்றில் சோறும் காய்கறியும் இறைச்சியும் அடைத்து அவித்துத் துண்டு போட்டு விற்கிறார்கள். வடக்கின் ஹம்ஹுங் நகர முறை நூடுல்ஸும் கிடைக்கும். உருளைக்கிழங்கு போன்றவற்றின் மாவுச்சத்தில் பிழிந்தது என்பதால் பியாங்யாங் நூடுல்ஸைப்போல் பல்லுக்கு இணங்காது, கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுப்பார்கள். நகரத்திலிருந்து அந்தத் திட்டுக்குப் போகும் மிதவைக்கு எஞ்சின் இல்லை. குறுக்கே ஒரு இரும்புக் கயிறு கட்டியிருக்கிறது; மிதவைக்காரர் உங்கள் கையிலும் ஒரு கொக்கியைக் கொடுப்பார், எல்லோருமாகச் சேர்ந்து இழுத்துக்கொண்டே அக்கரைக்குப் போக வேண்டும்.